நகத்தில் மண் இல்லாத பெண்

விடுதிக் காப்பாளர்களாகவும் வகுப்பு ஆசிரியர்களாகவும் இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டபோதே, "முதலாமாண்டு மாணவியரின் மனநலம்" என்று தலைப்பும் கொடுத்துவிட்டார்கள். எனக்கு முன்னால் பேசியவர் திரையில் படம் போட்டுக் காட்டினார். தாமரைப் பூ, மூச்சுப் பயிற்சி, வரிசையாகச் சிரிக்கிற பெண்கள். நல்லதுதான். மூச்சு விட வேண்டாமென்று யார் சொன்னார்கள்? ஆனால் உங்கள் விடுதியில் ஒரு பெண்ணைக் காணவில்லை என்று தெரிகிற காலை நேரத்தில் அந்தத் தாமரைப் பூ எழுந்து வந்து உதவாது. அதனால் நான் படம் எதுவும் கொண்டுவரவில்லை. நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்த ஒரு நாளின் கதையை மட்டும் சொல்கிறேன். யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம், பேனாவை மூடி வையுங்கள்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் இருப்பது ஊரறிந்த விஷயம். அதனால் எங்கள் கல்லூரியிலும் பீங்கான் படிப்பு உண்டு. முதல் பருவம் முழுக்கப் பட்டறையில் களிமண் பிசைய வேண்டும். முழங்கை வரை மண்ணோடு வந்து நிற்பார்கள் பெண்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் நக இடுக்கில் வெள்ளையாக ஒரு கோடு மட்டும் நின்றுவிடும். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டிலும் தண்ணீர்க் குவளையிலும் மண் ஒட்டுகிறது என்று சமையல்காரர்கள் புலம்பியதால், எனக்கு முந்தைய காப்பாளர் காலத்திலேயே ஒரு வழக்கம் வந்துவிட்டது. வாசலில் துணைக் காப்பாளர் நிற்பார். பெண்கள் இரண்டு கையையும் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அந்த ஆண்டு வந்த துணைக் காப்பாளர் உங்களை மாதிரிதான். நல்லூர்ப் பக்கத்துப் பெண், வேலைக்குப் புதுசு, ரொம்பச் சுறுசுறுப்பு. யார் எப்போது அழுதார்கள், யார் சாப்பிடவில்லை, யார் வெள்ளிக்கிழமை வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு ஓடுகிறார்கள் என்று அத்தனையும் அவர் விரல் நுனியில் இருக்கும். அழுகிற பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார். அழாமல், வாரக் கடைசியில் வீட்டுக்கும் போகாமல், பேசாமல் இருக்கிற பெண்ணைப் பற்றிக் கேட்டால், "அவ செட் ஆயிட்டா மேடம்" என்பார்.

செட் ஆயிட்டா. இந்த இரண்டு வார்த்தைக்குத்தான் நம் தொழிலில் நான் அதிகமாகப் பயப்படுவேன்.

இளவரசி அப்படிச் செட் ஆன பெண். பெயரை மாற்றியிருக்கிறேன். எங்கள் மாவட்டத்திலேயே மங்களூர் ஒன்றியத்தில் ஒரு கிராமம், அப்பாவுக்கு மானாவாரி நிலம், மக்காச்சோளமும் பருத்தியும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவள். படுக்கை மடிப்புக் கலையாது. சத்தம் வராது. தினமும் காலையில் எட்டரைக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவாள், சாயங்காலம் எல்லோரோடும் திரும்பி வருவாள். அப்பா போன் செய்து "சாப்ட்டியா பாப்பா?" என்று கேட்பது வராந்தாவில் எல்லோருக்கும் கேட்கும். "சாப்ட்டேம்ப்பா" என்பாள். போன் வைத்துவிடுவார்கள். நம் ஊரில் ஒரு பிள்ளையைப் பற்றிக் கேட்பதற்கு இருக்கிற ஒரே கேள்வி அதுதான், அதற்கு இருக்கிற ஒரே பதிலும் அதுதான்.

ஒரு புதன்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் நான் கூடத்துக்குள் இருந்தேன். வாசலில் துணைக் காப்பாளர் இளவரசியின் இரண்டு கையையும் பிடித்து உயர்த்திக் காட்டினார்.

"எல்லாரும் இங்க பாருங்கடி! கையின்னா இப்டி இருக்கணும். நகத்துல ஒரு பொட்டு மண்ணு இருக்குதா? இவளைப் பாத்துக் கத்துக்குங்க!"

பெண்கள் கை தட்டினார்கள். கேலியாகத்தான், ஆனால் தட்டினார்கள். இளவரசி சிரித்தாள். அவள் சிரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வாய் மட்டும் விரிந்தது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்த பிறகும் என் கண் அந்தக் கைகளிலேயே இருந்தது. பட்டறையில் மண் பிசைகிற மாதத்தில், அவள் வகுப்புப் பெண் ஒருத்திக்கு மட்டும் எப்படி நகம் பால் மாதிரி இருக்கும்? சோற்றைப் பிசைந்தாள், உருட்டினாள், தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். அவள் சாப்பிடவே இல்லை.

மறுநாள் காலை அவள் வழக்கம்போலக் கிளம்பிப் போன பிறகு, பத்து மணி தாண்டிப் பட்டறைக்குப் போன் போட்டேன். அவளுடைய வகுப்பு ஆசிரியர் எடுத்தார்.

"இளவரசியா? அந்தப் பொண்ணு ரெண்டு வாரமா வரலயே மேடம். ஒடம்பு சரியில்லாம வூட்டுக்குப் போயிருக்குன்னு நெனைச்சோம்."

  விடுதியில் நாங்கள் அவள் வகுப்பில் இருக்கிறாள் என்று நம்பினோம். வகுப்பில் அவர்கள் அவள் வீட்டில் இருக்கிறாள் என்று நம்பினார்கள். வீட்டில் அவள் விடுதியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நம்பினார்கள். மூன்று இடத்திலும் நல்லவர்கள்தான் இருந்தோம். மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டு வாரமும் அந்தப் பெண் எட்டரை மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு எங்கே போனாள்?

போன் போட்டேன். அவள் போனை அணைத்து வைத்திருந்தாள்.

அவளுடைய அறைத்தோழி ஜெனிபர் வேறு பிரிவு. வகுப்பிலிருந்து கூப்பிட்டு வரச் சொன்னேன். வந்தவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

தெரியாது என்றும் சொல்கிறாள், சத்தியம் என்றும் சொல்கிறாள். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. ஆனால் அந்த நேரத்தில் கத்தினால் இவளும் வாயை மூடிக்கொள்வாள். "சத்தியத்த நான் ஏத்துக்கறேன். பாவம் வந்தா என் தலையில வரட்டும். நீ சொல்லு" என்றேன்.

"பெரிய கோயில்ல போயி உக்காந்திருப்பா மேடம். சாயங்காலம் வரைக்கும். கிளாஸ்ல இங்கிலீஷ்ல நடத்துறது ஒண்ணுமே புரியலன்னு சொன்னா. சக்கரத்துல வச்சா மண்ணு சாஞ்சி சாஞ்சி விழுதாம். எல்லாரும் சிரிக்கிறாங்களாம்."  பிறகுதான் அடுத்ததைச் சொன்னாள். "நேத்து அவளோட டூல்ஸ் பெட்டிய எங்கிட்ட குடுத்துட்டா மேடம். புதுசு. தீபாவளிக்குன்னு அவங்க அம்மா எடுத்துக் குடுத்த சுடிதாரும். 'இனிமே எனக்கு வேணாம், நீ வச்சிக்க'ன்னா. படிப்ப நிறுத்தப் போறான்னு நெனைச்சேன்."

அதற்கு முன் எப்போதோ ஒரு நாள் பயிற்சியில் ஒரு மனநல மருத்துவர் எங்களுக்குப் பேசியிருந்தார். பல பேருக்கு அன்று தூக்கம். நான் அவரோடு சண்டை போட்டதால் விழித்திருந்தேன். "திடீர்னு ஒரு புள்ளை தனக்குப் பிடிச்ச பொருளையெல்லாம் எடுத்துக் குடுத்தா, தாராள மனசுன்னு சந்தோஷப்படாதீங்க, அவ பக்கத்துல போயி உக்காருங்க" என்றார் அந்த அம்மா. "செத்துடலாம்னு தோணுதான்னு நேராக் கேளுங்க" என்றும் சொன்னார். "கேட்டா நாமளே யோசனை குடுத்த மாதிரி ஆயிடாதா?" என்று நான் எகிறினேன். "நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே அது அவ மண்டையில உக்காந்திருக்கு. நீங்க கேட்டாத்தான் அவ தனியா இல்லன்னு தெரியும்" என்றார். அன்றைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வியாழக்கிழமை ஜெனிபர் சொல்லி முடித்தபோது அந்தக் குரல்தான் காதில் ஓடியது.

அதற்குள் துணைக் காப்பாளர் முதல்வருக்குச் சொல்லிவிட்டார். முதல்வர் எனக்குப் போன் போட்டார். "முதல்ல அப்பாவுக்குச் சொல்லிடுங்க மேடம். நாளைக்கு ஏதாவது ஆச்சின்னா, ஏன் சொல்லலன்னு நம்ம மேல வரும்." அவர் சொன்னதில் தப்பில்லை. சொல்லத்தான் வேண்டும். ஆனால் "உங்க பொண்ண காணோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைப்பதற்கும், "தேடிட்டு இருக்கோம், இந்த நம்பர்ல நான் இருக்கேன், நீங்க கிளம்புங்க" என்று சொல்வதற்கும் நடுவில் ஓர் அப்பாவின் உயிர் இருக்கிறது. "அரை மணி நேரம் குடுங்க சார், நானே பேசுறேன்" என்றேன். அவர் கொடுக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

துணைக் காப்பாளரை விடுதியிலேயே போனருகே இருக்கச் சொல்லிவிட்டு நான் ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போனேன். நான் கிறிஸ்தவச்சி. "மாதாவே, மாதாவே" என்று முணுமுணுத்துக்கொண்டே சிவன் கோயில் பிராகாரத்தில் தூண் தூணாக ஓடினேன். இளவரசி இல்லை. வெளியே பூ விற்கிற பெண்ணிடம் அடையாளம் சொன்னேன்.

"அந்தப் பச்சப் பையி புள்ளையா? தெனமும் வந்து அந்தத் தூணாண்ட குந்திக்கிட்டு இருக்குமே. இன்னிக்கும் வந்துது. சாமி கும்புட்டுச்சி. உடனே பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிட்டுது. ஏன், என்னா ஆச்சி?"

பதில் சொல்ல நேரமில்லை. ஆட்டோவைத் திருப்பினேன்.

பேருந்து நிலையத்தில் வேப்பூர் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அவள் ஊருக்குப் போக வேப்பூரில் இறங்கி மாற வேண்டும். பின்பக்கத்து ஜன்னலில் அந்தப் பச்சைப் பை தெரிந்தது. தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்திருந்தாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்? கையைப் பிடித்து இறக்கிவிடலாம். பஸ் முழுக்க வேடிக்கை பார்க்கும், யாராவது போனில் படம் எடுப்பான். ஏற்கெனவே எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக் கோயில் தூணுக்குப் பின்னால் ஒளிந்தவள் அவள். இறக்கினால் கை என் கையில் இருக்கும், பெண் இருக்க மாட்டாள். பஸ் நகர ஆரம்பித்தது. நான் ஏறிவிட்டேன். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"ரெண்டு வேப்பூர்" என்று நடத்துநரிடம் சொன்னேன். அவளிடம், "நானும் வரேன். திட்ட வரல" என்றேன்.

பஸ் ஊரைத் தாண்டியது. முன் சீட்டில் ஓர் அம்மா சீத்தாப்பழக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிந்தார்.  கேட்க வேண்டிய கேள்வி தொண்டையில் வந்து வந்து திரும்பிப் போயிற்று. படிச்சியா, சாப்ட்டியா, யாராவது ஏதாவது சொன்னாங்களா என்று சுற்றி வளைக்க ஆயிரம் கேள்வி இருந்தது. எதைக் கேட்டாலும் அவள் "ஒண்ணுமில்ல மேடம்" என்று சொல்லித் தப்பித்துவிடுவாள். எனக்கும் அதுதான் வசதி. அப்படித் தப்பிக்க விடக் கூடாது என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு, அவள் காதருகே குனிந்து, மெதுவாகக் கேட்டேன்.

"இளவரசி, செத்துடலாம்னு தோணுதா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. வெளியே கம்புக் கொல்லை ஓடிக்கொண்டிருந்தது. 

"தோணுது" என்றாள்.

"இன்னிக்கா?"

"தெரியல மேடம். அம்மாவையும் வூட்டையும் ஒரு தபா பாத்துட்டு..."  அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பனிக்கட்டி மாதிரி இருந்தது. பயத்தில் எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. அழுதால் அவள் பயந்துவிடுவாள் என்று நினைத்தேன், ஆனால் அவள்தான் தன் துப்பட்டா நுனியை எடுத்து என்னிடம் நீட்டினாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கும் அழுகை வந்தது. இரண்டு வாரத்து அழுகை. சீத்தாப்பழ அம்மா விழித்துத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பழத்தை எடுத்துப் பின்னால் நீட்டிவிட்டு மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார்.

"வூட்டுக்குப் போயிருக்கலாமேடி. சனி ஞாயிறு எல்லாரும் போறாங்க, நீ ஏன் போகல?"

"எப்டி போறது மேடம்? எங்க ஊரு பஸ் ஸ்டாப்புல என் பேனரு இருக்குது."

எனக்குப் புரியவில்லை. அவள் போனை உயிர்ப்பித்துப் படம் காட்டினாள். கல்லூரியில் சேர்ந்த அன்று அவள் தாய்மாமன் வைத்த பேனர். பள்ளிச் சீருடையில் இளவரசி. "எங்கள் ஊரின் பெருமையே! பீங்கான் பொறியாளரே!" பக்கத்தில் கைகூப்பிக்கொண்டு அந்த மாமன், இவளைவிட இரண்டு மடங்கு பெரிசாக.

"பஸ்ஸு கரெக்டா அதும் முன்னாடிதான் நிக்கும். எறங்கினா பேனருல இருக்கற அந்தப் பொண்ணு என்னையே பாக்கும். ஊருல எல்லாரும் 'என்னா இஞ்சினியரு, எப்ப பீங்கான் தட்டு செஞ்சி தரப் போற?'ன்னு கேப்பாங்க. நான் ஒரு கிண்ணி கூட செய்யல மேடம். ஒண்ணு கூட நிக்க மாட்டேங்குது."

வேப்பூரில் இறங்கினோம். நெடுஞ்சாலையில் லாரிகள் கிழித்துக்கொண்டு போயின. அவளைச் சாலைக்கு உள்பக்கமாக நடக்க வைத்து, ஒரு சாப்பாட்டுக் கடையின் உள் மேசையில் உட்கார வைத்து, டீ சொன்னேன். அவள் கையை விடவே இல்லை. அப்போது என் போன் அடித்தது. அவள் அப்பா. முதல்வர் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்.

"எம்பொண்ணு எங்க? எம்பொண்ணு எங்கங்க மேடம்?" மனுஷனுக்குக் குரலே இல்லை, காற்று மட்டும் வந்தது.

"என் பக்கத்துல இருக்கா. உயிரோட, நல்லா, டீ குடிக்கிறா. வேப்பூருக்கு வாங்க. தனியா வாங்க. வந்ததும் ஒரு வார்த்த திட்டக் கூடாது."

தனியாக வாருங்கள் என்றால் யார் வருகிறார்கள்? வண்டியில் முன்னால் இறங்கியவர் அந்தப் பேனர் மாமன்தான். வெள்ளை வேட்டி, நெற்றியில் குங்குமம். பின்னால் அப்பா, கொல்லையிலிருந்து அப்படியே கிளம்பி வந்தவர், காலில் செருப்புக் கூட இல்லை.

"யாருடி அவன்?" என்றார் மாமன். அதுதான் முதல் கேள்வி. "எவங்கூட ஓடப் பாத்த?"

"வாய மூடுங்க" என்றேன். கடையே திரும்பியது. எனக்கு அந்த நேரத்தில் மரியாதையெல்லாம் நினைவுக்கு வரவில்லை. "எவனும் இல்ல. ஒக்காருங்க. இல்லன்னா வெளிய நில்லுங்க."

அவர் உட்காரவில்லை. "ஊரெல்லாம் பேனரு வச்சி மானத்தோட நிக்கிறோம் நாங்க! மாமா, கெளப்புங்க புள்ளைய. ஏதோ காத்து கருப்பு அண்டியிருக்குது. கோயில்ல நாலு நாளு வச்சி மந்திரிச்சா சரியாப் போயிரும்."

அவர்கள் வருவதற்கு முன்பே நான் இளவரசியிடம் சம்மதம் கேட்டு வாங்கியிருந்தேன். "உங்கப்பாகிட்ட நான் சொல்லட்டுமா? நான் பூசி மெழுகவும் மாட்டேன், மறைக்கவும் மாட்டேன். உன் உயிரு விஷயம், மறைக்க எனக்கு உரிமை இல்ல. ஆனா எப்டிச் சொல்லணும்னு நீ சொல்லு." ரொம்ப நேரம் வேண்டாம் என்றாள். கடைசியில், "நீங்களே சொல்லுங்க, நான் பக்கத்துல இருக்கறேன்" என்றாள். அதனால் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"உங்க பொண்ணுக்கு ரெண்டு வாரமா செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கு. இன்னிக்கு உங்களையெல்லாம் கடைசியா ஒரு தடவ பாக்கத்தான் பஸ் ஏறியிருக்கா. இவள இப்ப ஊருக்கும் கூட்டிப் போக வேணாம், மந்திரிக்கவும் வேணாம். விருத்தாசலம் ஜி.எச்.சுக்குப் போகணும். நாளைக்கு இல்ல, இப்பவே."

"மனசு டாக்டருகிட்டயா?" என்றார் மாமன். "பைத்தியம்னு ஊரு சொல்லிடுமே! நாளைக்கு யாரு கட்டுவான் இவள?"

"மொதல்ல இவ இருக்கணும். அப்பறமா யாரு கட்டுறதுன்னு பேசுவோம்."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் "வாடி வூட்டுக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால், அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், நான் வேப்பூர் சாலையோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். என் பதவிக்கு அங்கே ஒரு டீயின் மதிப்புக்கூட இல்லை.

அப்பா மகள் முன்னால் குனிந்தார். "ஏம் பாப்பா?" என்றார். "நான் என்னா கொற வச்சேன்?"

"நீ ஒண்ணும் வைக்கலப்பா." இளவரசி அழுதுகொண்டே சொன்னாள். "அந்தப் பேனர கழட்டிடுப்பா."

"எந்தப் பேனரு?"

"பஸ் ஸ்டாப்புல இருக்கறது. எனக்கு ஒண்ணும் புரியலப்பா அங்க. ஒரு கிண்ணி கூட செய்ய வரல. அத வச்சிக்கிட்டு நான் எப்டிப்பா ஊருல வந்து எறங்கறது?"

அப்பா அவளையே பார்த்தார். பிறகு அப்படியே மண் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அதுக்காடி சாமி... அதுக்காடி... அந்தத் துணிக்காடி..."  அழுதார். கடைக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். யாரும் உட்காரவில்லை.

எழுந்தபோது அவர் மச்சான் பக்கம் திரும்பினார்.

"நீ ஊருக்குப் போ. மொதல்ல அந்தப் பேனர அவுத்துப் போடு."

"மாமா, இன்னும் பொங்க வரைக்கும்..."

"போன்னு சொல்றேன்ல!" அந்த மனுஷன் அப்படிக் கத்தி அவர் மகளே கேட்டதில்லையாம். பிறகு என்னிடம் திரும்பி, அடங்கின குரலில், "எந்த டாக்டருங்க மேடம்? நீங்களும் கூட வர்றீங்களா?" என்றார்.

போனேன். மருத்துவமனையில் அன்றைக்கே பார்த்தார்கள், சேர்த்துக்கொண்டார்கள். மனநல மருத்துவர் அவளோடு பேசினார், மாத்திரை கொடுத்தார், கொஞ்ச நாள் யாராவது எப்போதும் கூட இருக்க வேண்டும் என்றார். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். ஒரு மாதம் வீட்டில் இருந்தாள். சில நாள் எழுந்து பல் தேய்ப்பதே பெரிய காரியமாக இருந்ததாக அவள் அம்மா போனில் அழுவார். "அடுத்த வருஷம் புதுசாச் சேரட்டுமே மேடம், ரிஸ்க் எதுக்கு?" என்றார் முதல்வர். "சார், நாம இப்ப வேணாம்னு சொன்னா, அவளுக்கு அது அந்தப் பேனர விடப் பெரிய பேனரு" என்றேன். அவள் படிப்பைத் தொடரலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்ததைக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார். வகுப்பு ஆசிரியர் பாடத்தைத் தமிழில் ஒரு தரம், இங்கிலீஷில் ஒரு தரம் சொல்ல ஆரம்பித்தார். அவளுக்காக என்று சொல்லவில்லை, எல்லோருக்குமாகச் சொன்னார். பாதி வகுப்பு நிம்மதிப் பெருமூச்சு விட்டதாம். அத்தனை பேரும் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்!

அதற்குப் பிறகு எங்கள் விடுதியில் தினமும் காலை பத்து மணிக்குள் பட்டறைக்கு ஒரு போன் போகும். யார் வரவில்லை என்று கேட்போம், அவ்வளவுதான். வாரக் கடைசியில் ஊருக்குப் போகாத பெண்ணிடம் போய் உட்கார்ந்து பேசுவோம். "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு நிறுத்த மாட்டோம். "தூங்கினியா? இன்னிக்கு யார்கூடப் பேசின? எது கஷ்டமா இருக்குது?" என்று கேட்போம். நீங்களும் கேளுங்கள். கேட்கும்போது தொண்டையை அடைக்கத்தான் செய்யும். அடைத்தாலும் கேளுங்கள்.

அவளைத் திரும்ப அழைத்துவந்த அன்று அவள் அப்பா விடுதிக்கு ஒரு சாக்கு மக்காச்சோளம் கொண்டுவந்தார். "பேனரு என்னா ஆச்சிங்க?" என்று கேட்டேன்.

"மாட்டுக் கொட்டாய்க்கு மேல போட்டுட்டேங்க மேடம். ஒழுகிக்கிட்டு இருந்துது. பாப்பா படம் உள்பக்கமா வர்ற மாதிரி போட்டேன், நனையக் கூடாதுன்னு. எங்க மச்சான் படம் வெளிய. மழையெல்லாம் இப்ப அவரு மேலதான்."

இளவரசி சிரித்தாள். இந்தத் தடவை கண்ணும் சேர்ந்து சிரித்தது.

கை பார்க்கிற வழக்கத்தை நாங்கள் நிறுத்தியிருந்தோம். ஆனாலும் துணைக் காப்பாளர் பழக்க தோஷத்தில் சாப்பாட்டு நேரம் வாசலில் நிற்பார். அவள் திரும்பி வந்து சில நாள் கழித்து, இரவுச் சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டது, எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். இளவரசி கடைசியாக ஓடி வந்தாள். துணைக் காப்பாளரைப் பார்த்ததும் சட்டென்று நின்று, யாரும் கேட்காமலே இரண்டு கையையும் நீட்டினாள். முழங்கை வரை வெள்ளைத் திட்டு. பத்து நகத்திலும் மண்.

"கழுவுனேன் மேடம்" என்றாள். "போக மாட்டேங்குது."

துணைக் காப்பாளர் அந்தக் கைகளைப் பிடித்தார். புரட்டிப் பார்த்தார். விடவே இல்லை. உள்ளே இருந்த பெண்கள் திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தார்கள்.

"போகலன்னா இருக்கட்டும்" என்றார் அவர், குரல் உடைந்து. "வா. உக்காந்து சாப்பிடு."